சுடுதளத்தில் வெட்டிய மடை

நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் துப்பாக்கி சுடப் பழகும் இடத்தில் இரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறேன். குண்டு வந்து விழும் பக்கத்தில்தான் எனக்கு வேலை.

அப்போது ஒரத்தநாட்டில் இருந்தேன். ஒரு டிராக்டர் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே படுக்கை. அதற்கு முன் வேதாரண்யத்து உப்பளத்தில் ஒரு கோடை, திருவாரூர்ப் பக்கம் அறுவடை இயந்திரத்தோடு ஒரு போகம், நடுவில் கேரளாவில் கொஞ்ச நாள் செங்கல் சூளை. எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நான் தரித்ததில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பட்டறையில் வேலை நின்றுபோனது. சேற்றில் இறங்க முடியாத டிராக்டருக்கு யார் செலவு செய்வார்கள்?

அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி ஒருவர் வந்தார். கொத்து வேலை, கல்யாணப் பந்தல், கோயில் அன்னதானம் என்று எதற்கும் ஆள் பிடித்துக் கொடுப்பவர்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளு. தஞ்சாவூருக்கு மேக்கால செம்மண் மேடு இருக்குல்ல, அங்க துப்பாக்கி சுடப் பழகுறாங்க. அட்டையத் தூக்கணும், எறக்கணும். அவ்வளவுதான்."

"குண்டு எங்க போவும்?"

"அட்டைக்குத்தான் போவும்."

"அட்டையத் தூக்குறவன் எங்க இருப்பான்?"

"அட்டைக்கு அடியில, குழிக்குள்ள. குண்டு தலைக்கு மேல போயிடும். நீ ஒண்ணும் அவ்வளவு பெரிய ஒசரமில்லியே, பயப்படாத."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பூராவும் பட்டறைச் சுவரோரம் நடக்கும்போதெல்லாம் என் உயரத்தை அளந்துகொண்டே இருந்தேன்.

என்னோடு இன்னொருவரும் வந்தார். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்து அக்கா. ஐம்பது வயது இருக்கலாம். நடவு, களை, அறுப்பு என்று வயலிலேயே இருந்தவர். அந்த வருடம் நட்ட நாற்று எல்லாம் தண்ணீருக்குள் கிடந்ததால் அவருக்கும் வேலை இல்லை. பஸ்ஸில் ஏறும்போது கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு, தோளில் மண்வெட்டி.

"மம்பட்டி எதுக்குக்கா? அட்டை தூக்குற வேலைதானே?"

"நூறு நாள் வேலைக்கு வாங்குனது தம்பி. இது இல்லாம வேலைக்குப் போனா கை வெறிச்சோடிப் போயிடுது. எங்க போனாலும் எதையாச்சும் வெட்டத்தான் சொல்லப் போறாங்க."

அந்த மண்வெட்டியைப் பற்றி அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

இடம் பெரிய மைதானம். ஒரு கோடியில் தகரக் கொட்டகை. அதன் தரையில் ஆறு பாய்கள் விரித்திருந்தார்கள். பழக வந்தவர்கள் அதில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு மண்சுவர், வயல் வரப்பைப் பத்து மடங்கு பெரிதாக்கியது மாதிரி. சுவருக்குப் பின்னால் இடுப்பளவுக்குக் கீழே இறக்கி வெட்டிய நீளமான குழி. குழிக்குள் நின்றால் சுவரின் உச்சி என் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. அதை முதலில் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். குழியின் பின்பக்கம் இன்னும் உயரமான மண்மேடு. மேலே போகும் குண்டு அதில் புதையும்.

குழியில் ஆறு மரச்சட்டங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பு வட்டம் போட்ட அட்டை. கயிற்றை இழுத்து முளையில் மாட்டினால் சட்டம் சுவருக்கு மேலே எழும்பி நிற்கும். கயிற்றை முளையிலிருந்து கழற்றிவிட்டால் கீழே இறங்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என் பொறுப்பு. நான்கு, ஐந்து, ஆறு அக்காவின் பொறுப்பு. இறங்கிய அட்டையில் ஓட்டைகளை எண்ணி எழுதிவிட்டு, அவற்றின் மேல் சின்னத் தாள்துண்டுகளை மைதாப் பசையால் ஒட்ட வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குழிக்கு வந்து எங்களிடம் நிதானமாகச் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு நீட்டு விசில் அடிச்சா அட்டையத் தூக்குங்க. ஆறு அட்டையும் மேல நின்னாத்தான் நான் சுட விடுவேன். அட்டை நின்னா நீங்க பத்திரமா இருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டு குட்டை விசில் அடிச்சா சுடுறது நின்னுடுச்சு, எறக்குங்க. நடுவுல ஏதாச்சும் ஆபத்துன்னா இந்தச் செவப்புக் கொடிய ஒசத்துங்க. கொடி தெரிஞ்சா நிறுத்திடுவேன். ரெண்டு விசில் கேக்காம தலைய வெளில நீட்டாதீங்க."

சுவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சுவர் எதற்கு நிற்கிறது என்பது யாருக்கும் சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருப்பார். எங்களுக்கும் தெரியும்தான்.

சனிக்கிழமை முதல் குண்டு தலைக்கு மேல் போனபோது உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் பட்டென்று ஒரு சத்தம், அதோடு சேர்ந்தாற்போல் அட்டையில் 'டக்'. இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்னைக் கடந்து போயிருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை. அதுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உப்பளத்தில் வெயில் அடித்தால் தெரியும். சூளையில் நெருப்பு தெரியும். இது தெரியவில்லை.

அட்டையில் படாத குண்டுகள் மண்சுவரில் விழுந்தன. அந்தச் சத்தம் வேறு, 'பொத்' என்று. ஈர மண்ணில் குத்து விட்டது மாதிரி. சுவரில் நான் சாய்ந்திருந்தால் முதுகில் லேசாக அதிர்ந்தது. குழிக்குள் இருக்கும் எங்களுக்குச் சுடுகிறவர்கள் முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். ஒன்றாம் நம்பர் நன்றாகச் சுடுபவர். ஐந்து பரவாயில்லை. நான்காம் நம்பர் பத்துக் குண்டில் ஆறை மண்ணுக்குள்தான் விட்டார்.

"இந்த நாலாம் நம்பருக்கு மண்ணு மேல என்ன கோவமோ தெரியல," என்றார் அக்கா, அட்டையில் ஒட்டுப் போட்டுக்கொண்டே. "எனக்கு வேலைய மிச்சம் பண்ணிக் குடுக்குது. நல்லாயிருக்கட்டும்."

அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்தேன். அதனால் என் பயத்தை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. நாங்கள் போனபோது குழியில் கணுக்கால் தண்ணீர். ஒன்பது மணிக்கு அது முழங்காலைத் தொட்டது. செம்மண் தண்ணீர், காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. மைதாப் பசை கரைந்து ஓடியது. அட்டைகளின் மேல் பாலிதீன் தாளைக் கட்டிச் சமாளித்தோம். ஒரு முறை தண்ணீர்ப் பாம்பு ஒன்று என் முழங்காலை உரசிக்கொண்டு நீந்திப் போனது. மேலே குண்டு போய்க்கொண்டிருக்கிறது, ஏறவும் முடியாது. அக்கா மண்வெட்டியால் அதை ஏந்திப் பின்பக்கம் வீசினார்.

"அது கடிக்காதுடா. நீ போடுற சத்தத்துல அதுதான் செத்திருக்கும்."

நனைந்த கயிறுகள் முளையில் நிற்கவில்லை. சுட்டுக்கொண்டிருக்கும்போதே அட்டைகள் தாமாக நழுவி விழுந்தன. இரண்டு முறை அப்படி ஆனதும் பயிற்சியாளர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"கயிறு நழுவி ஒண்ணு ரெண்டு விழுந்தா பரவாயில்ல. அந்த ஆளு மட்டும் நிறுத்திக்குவாரு, மத்தவங்க சுட்டு முடிக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தினா இன்னிக்கு முடியாது. இவங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் எழுதணும்."

சரி என்றோம். அது சரியான ஏற்பாடாகத்தான் அப்போது தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. கொட்டகைக்குச் சாப்பிட வரச் சொல்லிக் கை காட்டினார்கள். அக்கா அசையவில்லை. குழியின் கரையில் ஏறி நின்று தரையின் சாய்மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்யும்போது வயலைப் பார்க்கிற அதே பார்வை.

"சோறு எங்கயும் ஓடிடாது தம்பி. இன்னும் மூணு மணி நேரம் இதுல நின்னா காலு அழுகிடும். கெழக்கால பாரு, சொவருக்கு முன்னால மண்ணெடுத்த பள்ளம் கெடக்கு. தண்ணி அங்க போவணும்னு நிக்குது. இவனுங்க வழி விடாம அடைச்சு வச்சிருக்கானுங்க."

கிழக்கு என்றால் கொட்டகை இருக்கும் பக்கம். மூன்றாம் அட்டைக்கும் நான்காம் அட்டைக்கும் நடுவில் சுவரின் அடியில் ஒரு பழைய சிமெண்ட் குழாய் புதைந்திருந்தது. தண்ணீர் வடிய எப்போதோ வைத்தது. உடைந்து, வேர் பிடித்து அடைத்துப் போயிருந்தது. அக்கா முன்பக்கமாகப் போய் மண்ணை வெட்ட ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். கொட்டும் மழையில் கொட்டகையிலிருந்து யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. டெல்டாவில் பிறந்தவனுக்குத் தேங்கின தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வராது. வாத்தியார் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்கும் முன்பே மடை திறக்கத் தெரிந்துகொள்கிற ஊர்கள் இவை.

குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினோம். கடைசித் துண்டு வந்ததும் தண்ணீர் 'புசுக்' என்று பீறிட்டுக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தில் அந்த இரண்டு நாளில் அப்போதுதான் நிஜமான சந்தோஷத்தைப் பார்த்தேன்.

"அடைச்சிடணும்க்கா. சொவரு இது."

"வடியட்டும்டா. வடிஞ்சதும் ரெண்டு சாக்குல மண்ணப் போட்டு அமுக்குனா ஆச்சு. மடைய தெறந்தவளுக்கு அடைக்கத் தெரியாதா?"

ஒரு சாண் அகலத் துவாரம், முழங்கால் உயரத்தில். குழிக்குள் திரும்பி வந்து நின்றபடியே சாப்பிட்டோம். அக்கா தன் தூக்கிலிருந்து எனக்கும் சோறு கொடுத்தார். மிச்சத்தோடு தூக்கைப் பின்பக்கத்து மேட்டில் ஒரு குச்சியை நட்டு மாட்டினார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. துவாரத்தின் ஓரங்களிலிருந்து மண் கொத்துக் கொத்தாகப் பிரிந்து போவதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பார். ஓடுகிற தண்ணீர் தன் வழியைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புதிது இல்லை.

மழை சற்றுத் தணிந்தது. சாப்பாட்டு நேரம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு நீண்ட விசில். மழை திரும்புவதற்குள் முடித்துவிட நினைத்திருப்பார்கள்.

சாக்கில் இன்னும் மண் போடவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா துவாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. உயர்த்தியிருக்கலாம். அட்டைகளைத் தூக்காமல் விட்டிருந்தாலே போதும், பயிற்சியாளர் சுட விட்டிருக்க மாட்டார். ஆனால் உயர்த்தினால் அவர் வருவார், சுவரை வெட்டியதைப் பார்ப்பார், திட்டுவார். திட்டு வாங்குவதற்குப் பயந்தேன். துவாரம் சின்னதுதானே, கீழேதானே இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் அதே நீண்ட விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் அட்டைகளைத் தூக்கினேன். நான் தூக்குவதைப் பார்த்து அக்காவும் தூக்கினார்.

சுட ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று குண்டுகள் அட்டைகளில் பட்டன. அப்போது மழை சட்டென்று வலுத்தது. சுவரிலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது. துவாரத்துக்கு மேலிருந்த மண் அப்படியே சரிந்து தண்ணீரில் உட்கார்ந்தது. உச்சி வரைக்கும் பிளந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து நடந்து போகும் அளவுக்கு அகலம்.

எதிரே கொட்டகை தெரிந்தது.

அதை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு நாளாக வெறும் நம்பராக இருந்தவர்கள் ஆளாகத் தெரிந்தார்கள். பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். காதுகளில் பெரிய கறுப்பு மூடிகள். நூறு மீட்டர் மழைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு தலைக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி. நான் பக்கவாட்டில் நகர்ந்து மிச்சமிருந்த சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உடைப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா.

நான்காம் நம்பர் சுட்டார். 'பொத்' என்ற சத்தம் வரவில்லை. எங்களுக்கு நடுவில் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்குத் தெறித்தது.

"கொடியத் தூக்குடா!" என்று அக்கா கத்தினார்.

தூக்கினேன். நனைந்த துணி மூங்கிலைச் சுற்றி ஈரவேட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு விரியவே இல்லை. ஆட்டிப் பார்த்தேன். கத்தினோம். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, காதில் மூடி போட்டிருக்கிறார்கள், யாருக்குக் கேட்கும்? பயிற்சியாளர் ஒருவருடைய தோளைத் திருத்திக்கொண்டு குனிந்திருந்தார். இன்னொரு குண்டு வந்தது. பின்பக்கத்தில் 'டிங்' என்று சத்தம். அக்காவின் தூக்கு குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

தண்ணீரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் தண்ணீர் மார்பு வரை வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, உடம்பு கேட்கவில்லை.

"டேய், அட்டைய எறக்கு! அட்டை இல்லாட்டி எதச் சுடுவானுங்க? எறக்குடா!"

சொல்லிக்கொண்டே அக்கா ஆறாம் கயிற்றைக் கழற்றினார், பிறகு ஐந்தை. நான் தவழ்ந்து போய் ஒன்றைக் கழற்றினேன், இரண்டை, மூன்றை. ஐந்து அட்டைகளும் இறங்கின. சத்தம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. கயிறு நழுவி அட்டை விழுந்தால் அந்த ஆள் மட்டும் நிறுத்தினால் போதும், மற்றவர் முடிக்கட்டும் என்று காலையில் பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வந்தது. கொட்டகையில் இருந்தவர்கள் அவர் சொன்னபடிதான் நடந்துகொண்டிருந்தார்கள். நான்காம் அட்டை மேலே நின்றது. நான்காம் நம்பர் சுட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் கயிற்றின் முளை உடைப்பின் ஓரத்திலேயே இருந்தது. அதைக் கழற்ற வேண்டுமானால் திறந்த இடத்துக்குள் தலையையும் தோளையும் கொண்டுபோக வேண்டும். அது அக்காவின் அட்டை. அவர் தண்ணீரில் படுத்து, முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அதை நோக்கி ஊர்ந்தார். அவருடைய நரைத்த கொண்டை வெளிச்சத்துக்குள் வருவதைப் பார்த்தேன்.

"அக்கா, வேணாம்! பின்னால போங்க!"

அவர் கையை நீட்டினார். குண்டு உடைப்பின் விளிம்பில் பட்டு மண்ணை அவர் முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டார். முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. அடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு தண்ணீரில் அவர் மூச்சு விட்ட குமிழிகளைப் பார்த்தேன்.

நான் ஓடிப்போய் அவரை இழுத்தேன் என்று எழுத ஆசைதான். நான் போகவில்லை. போக முடியவில்லை. கையில் கொடிக் கம்பு இருந்தது, நீளமான மூங்கில். சுவருக்குப் பின்னால் பதுங்கியபடியே அதை உடைப்புக்குக் குறுக்கே நீட்டி, முளையில் மாட்டியிருந்த கயிற்று வளையத்தை நெம்பப் பார்த்தேன். கம்பு முளையின் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. முதல் தடவை தவறிவிட்டது. இரண்டாவது தடவை வளையம் பாதி ஏறி மறுபடி இறங்கியது. ஒரு குண்டு போனது, எங்கே போனதென்று தெரியவில்லை. பத்தில் எத்தனை ஆகியிருக்கும் என்று எண்ணப் பார்த்தேன். இரண்டு நாளாக அடுத்தவர் சுட்டதை எண்ணி எழுதினவனுக்கு அப்போது ஐந்துக்கு மேல் எண் வரவில்லை. மூன்றாவது தடவை கம்பைக் கீழிருந்து மேலாகக் குத்தினேன். வளையம் கழன்றது. நான்காம் அட்டை தடதடவென்று இறங்கித் தண்ணீரில் விழுந்தது.

அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு குட்டை விசில். நாங்கள் எழுந்திருக்கவில்லை. மறுபடி இரண்டு விசில். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாயிலிருந்த செம்மண்ணைத் துப்பினார்.

"செத்துட்டியா?"

"இல்லக்கா."

"நானும் இல்ல."

பயிற்சியாளர் கோபமாகத்தான் வந்தார். தூரத்திலிருந்தே, "ஆறையும் எவன் எறக்கச் சொன்னது?" என்று கத்திக்கொண்டு வந்தார். உடைப்புக்கு முன்னால் வந்ததும் குரல் நின்றுவிட்டது. உடைப்பைப் பார்த்தார், பின்பக்கத்து மேட்டைப் பார்த்தார், ஓட்டை விழுந்த தூக்கைப் பார்த்தார். குடையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தார்.

"யாரு வெட்டுனது?"

"நான்தாங்க," என்றார் அக்கா. "தண்ணி நின்னுச்சு, வடிய விட்டேன். அடைக்கிறதுக்குள்ள விசில் அடிச்சிட்டீங்க."

"அட்டைய மொதல்ல தூக்குனது நான் சார்," என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டுக்குப் பயந்துதானே இத்தனையும். "நான் வந்து பாத்துட்டு விசில் அடிச்சிருக்கணும்," என்று அவர் தனக்குத்தானே இரண்டு தடவை சொன்னார். பிறகு கொட்டகையைப் பார்த்து, நான்காம் நம்பரை வரச் சொல்லிக் கை காட்டினார்.

வந்தவர் என் வயதுக்காரர். தடித்த கண்ணாடி. வங்கிக் காவல் வேலைக்காகப் பழக வந்திருக்கிறார். கண்ணாடி முழுக்க மழைத்துளி. பின்மேட்டில் எங்கள் நெஞ்சுயரத்தில் இருந்த மூன்று துளைகளையும் அவருக்குக் காட்டினோம். அவர் உதடுகள் வெளுத்துவிட்டன.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. சாரல்ல கண்ணாடி பூராத் தண்ணி. கறுப்பா மேல ஏதோ நின்னுச்சு, அதப் பாத்துத்தாங்க சுட்டேன்."

"தெரியாமதாம்ப்பா சுட்டே," என்றார் அக்கா. "தெரிஞ்சு சுட்டிருந்தா வழக்கம்போல மண்ணுலதானே சுட்டிருப்ப." யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்தது. துப்பாக்கிகளில் குண்டு இல்லை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பாய்களில் வரிசையாக வைத்துவிட்டு, பயிற்சியாளர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். எங்களையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். அக்கா போகவில்லை. உடைப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு வர அவரால் ஆகாது.

"மழையில உடைப்ப அப்படியே போட்டுட்டு வர்றவன் மனுசனாடா? விடிஞ்சா சொவரே இருக்காது. வா, மண்ணப் போடு."

பயிற்சியாளரே சாக்குகளைக் கொண்டுவந்து போட்டார். அக்கா நிரப்பினார், நான் அடுக்க வேண்டும். அடுக்குவதற்கு உடைப்பின் நடுவில், கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். துப்பாக்கிகள் காலி என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். கொட்டகையில் ஆளே இல்லை. இருந்தும் நடுவில் போக முடியவில்லை.

"அக்கா, கொஞ்சம் அங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தார். "எல்லாம் படுத்துக் கெடக்கு. ஒண்ணும் எந்திரிக்கல."

அப்படியும் ஓரத்தில் நின்றுகொண்டு கை எட்டுகிற தூரத்துக்குத்தான் சாக்குகளைத் தள்ளினேன். பாதிச் சாக்குகள் கோணலாக விழுந்தன. கடைசியில் அக்காவே நடுவில் இறங்கி அவற்றை நேராக வைத்துக் காலால் மிதித்தார். ஒவ்வொரு சாக்காக ஏற ஏற, கொட்டகை கீழிருந்து மறைந்துகொண்டே வந்தது. பாய்கள் மறைந்தன, தூண்கள் மறைந்தன, தகரக் கூரை மறைந்தது. அதன் பிறகுதான் என்னால் சரியாக மூச்சு விட முடிந்தது.

சாயங்காலம் ஒரத்தநாட்டு பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் நான். மண்வெட்டி காலடியில். அவர் மடியில் தூக்கு. முன்பக்கம் சின்னதாக ஒரு துளை, பின்பக்கம் கொஞ்சம் பெரிதாக, விளிம்பு மலர்ந்து ஒரு துளை. குழம்பு அவர் சேலையில் ஒழுகியது.

"மருமவ கேட்டா என்னன்னு சொல்றது? புதுத் தூக்குடா இது."

"ஆணி குத்திடுச்சுன்னு சொல்லுங்க."

"ரெண்டு பக்கமும் குத்துற ஆணி எந்தக் கடையில விக்குது?"

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தோம். வெளியே வயலெல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் இறங்க யாரோ எழுந்தார்கள். கண்டக்டர் நீளமாக ஒரு விசில் அடித்தார்.

அக்கா தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சீட்டுக்குக் கீழே சரிந்துவிட்டார். தலை ஜன்னலுக்குக் கீழே. முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடியது. இரண்டு நாளும் அந்தக் கையில் நான் நடுக்கத்தைப் பார்த்ததில்லை.

"என்னம்மா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கண்டக்டர் குனிந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் அக்கா. எழுந்திருக்கவில்லை.

கண்டக்டருக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் அவருக்குப் பக்கத்தில் கீழேதான் இருந்தேன். பஸ் புறப்படுவதற்கான இரண்டு விசிலும் கேட்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை.